முதலில் சர்வே எண்ணைச் சொல்லுங்கள்

வாசகர் கேள்விகள் – ஓய்வுபெற்ற நில அளவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். சர்வேயர் உத்தியோகத்தில் தலை நரைத்தவனுக்கு எந்தப் பேச்சும் சர்வே எண்ணில்தான் தொடங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் இடம் இருக்கிறது. கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கும். சமீபத்தில் சுற்றிலும் நீலத் தகரம் அடித்துவிட்டார்கள். ராத்திரியில் லாரி லாரியாக மண் வருகிறது. ‘சதுப்பு நிலத்தைக் காப்போம்’ என்று பதாகை பிடித்து மனிதச் சங்கிலி நடத்தினோம், பேப்பரில் போட்டோவும் வந்தது. வேலை நிற்கவில்லை. அடுத்து என்ன செய்யலாம் சார்? – பெரும்பாக்கம்

பதில்: சங்கிலியில் நின்றவர்களில் அந்த இடத்தின் சர்வே எண் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ‘சதுப்பு’ என்பீர்கள், பில்டர் ‘பட்டா நிலம்’ என்பார், அதிகாரி ‘எந்த இடம், குறிப்பாச் சொல்லுங்க’ என்பார். இந்த மூன்று பேரில் ஃபைல் இருப்பது மூன்றாமவரிடம். அவர் எழுதி வைக்கிற மொழி எண்தான்.

அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமத்தோடு சர்வே எண்ணையும் கொடுக்க வேண்டும். ‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன வகைப்பாடு போட்டிருக்கிறது என்று பாருங்கள்: கழுவெளியா (சதுப்பு), ஏரியா, ஓடையா, மேய்க்காலா, தரிசா, நஞ்சையா. புலப்படத்தில் வாய்க்கால் இருந்தால் பெரும்பாலும் அதற்கென்று தனி எண்ணோ உட்பிரிவோ இருக்கும். தகர வேலி அந்த எண்ணையும் சேர்த்து வளைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். என் அனுபவத்தில் பாதி வழக்கு அங்கேயே கிடைத்துவிடும். மனைக்காரர் தன் நிலத்தை மட்டும் வளைத்துக்கொண்டு நிற்பது அபூர்வம், பக்கத்திலிருக்கும் வாய்க்கால் சும்மா கிடப்பதைப் பார்த்தால் கை அரிக்கும்.

அப்புறம் போட்டோ. மண் அடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் நடை எப்போதும் கட்டட இடிபாடுதான்: உடைந்த செங்கல், டைல்ஸ் சில்லு, கம்பி பிடுங்கிய கான்கிரீட் கட்டி. அது சேற்றில் அமுங்கி அடியில் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் கிராவல், அதற்கு மேல் ரோலர். சில வாரத்தில் அது பார்க்க ‘காலி மனை’ ஆகிவிடும். ஓரத்தில் நாலைந்து சம்புத் தாள் மட்டும் சிவப்பு மண்ணுக்குள்ளிருந்து நுனியை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் வந்து பார்க்கிற அதிகாரி ‘தண்ணீர் எதுவும் இல்லையே’ என்று எழுதிவிட்டுப் போவார். அவர் எழுதியதும் பொய்யில்லை. அதனால் இடிபாடு விழும் முதல் வாரத்திலேயே, இடக்குறியீடும் தேதியும் படத்தில் விழுகிற மாதிரி எடுத்துவிடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருஷங்களின் படங்களைத் தேதியோடு புரட்டலாம். மழை மாதத்துப் படம் கிடைத்தால் அதையும் சேமியுங்கள்.

மூன்றாவது, தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. ‘ஏன் அனுமதித்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. நகல் கேளுங்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. கொடுத்த திட்ட அனுமதியின் நகல், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றின் நகல், சுற்றுச்சூழல் அனுமதி இருந்தால் அதன் நகல். இதில் நீர்வளத் துறைச் சான்றை வரி விடாமல் படியுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் என்று தெரிந்தால் பல சமயம் ‘கூடாது’ என்று அவர்கள் எழுதுவதில்லை. ‘மனையின் மட்டத்தை இத்தனை மீட்டர் உயர்த்திக்கொள்ள வேண்டும்’ என்று நிபந்தனை எழுதுவார்கள். நீங்கள் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற லாரி மண், காகிதத்தில் நிபந்தனையை நிறைவேற்றுவதாக இருக்கும்!

அந்த நிபந்தனைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு யாரும் போடாத கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதை ஐந்தடி உயர்த்தினால் 2,17,800 கன அடி. லிட்டரில் சுமார் 61 லட்சத்து 70 ஆயிரம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் 510 லாரிக்கு மேல். ஒரு ஏக்கருக்கு இவ்வளவு. அங்கே நின்றிருக்க வேண்டிய அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடாது. உங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்குக்கு வரும். உங்கள் மனுவில் பறவைக்கு முன்னால் இந்தக் கணக்கை எழுதுங்கள்.

மனுவை மாநில ஈரநில ஆணையம், மாவட்ட ஆட்சியர், வனத்துறை, சி.எம்.டி.ஏ. நான்குக்கும் ஒரே தேதியில் அனுப்பி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனிதச் சங்கிலியையும் விட வேண்டாம். அடுத்த தடவை பதாகையில் சர்வே எண்ணைப் பெரிதாக எழுதிப் பிடியுங்கள்.

கேள்வி: பட்டா இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வில்லங்கம் இல்லை. சொந்த நிலத்தில் வீடு கட்டக் கூடாது என்று சொல்ல இவர்கள் யார்? – வேளச்சேரி

பதில்: பட்டா உங்களை உரிமையாளர் என்று சொல்கிறது. அந்த நிலத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. உங்கள் பட்டா நிலத்தில் பட்டாசுத் தொழிற்சாலை வைக்க முடியுமா?

பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது, 1,247 ஹெக்டேர் சொச்சம். இதில் வனத்துறையின் கையில் இருப்பது சுமார் 700 ஹெக்டேர். மீதியில்தான் சண்டை. அதில் பட்டாவும் இருக்கிறது என்பதே அரசுத் தரப்பின் பேச்சு. ‘காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதனால் கட்டலாம்’ என்று ஒரு வாதம் வைப்பார்கள். காப்புக்காட்டு எல்லை வேறு, ராம்சார் எல்லை வேறு. ஒன்றுக்கு வெளியே இருப்பது மற்றதற்கு உள்ளே இருக்கலாம்.

இரண்டாவது வாதம், ‘ஈரநிலம் என்று மாநில அரசு இன்னும் தனியாக அறிவிக்கை வெளியிடவில்லை’ என்பது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளில் மூன்றாவது விதியைப் பாருங்கள். விதிகள் எவற்றுக்குப் பொருந்தும் என்று சொல்லும் இடத்தில் ராம்சார் தலங்கள் ஒரு வகை, அரசுகள் அறிவிக்கும் ஈரநிலங்கள் இன்னொரு வகை என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறது. ராம்சார் தலத்துக்கு இரண்டாவது அறிவிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் என் வாசிப்பு. நான்காவது விதி ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. கடந்த பத்து வருஷத்தில் பதிவான சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கிறது, படகுத்துறை மட்டும் விலக்கு. நாலு பெட்ரூம் ஃபிளாட்டைப் படகுத்துறை என்று காட்ட இதுவரை யாரும் முயலவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு அப்படிக் காட்டியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள்.

கேள்வி: நாங்களே சதுப்பை ஒட்டிய அடுக்ககத்தில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறோம். புதிதாக வரும் திட்டத்தை எதிர்த்தால் ‘நீ மட்டும் உள்ளே வந்துட்டு கதவைச் சாத்துறியா’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்கிறார்கள். எதிர்க்க எங்களுக்கு அருகதை உண்டா? – பள்ளிக்கரணை

பதில்: உண்டு. முதலில் உங்கள் கட்டடத்தின் ஃபைலையும் எடுத்துப் படித்துவிட்டு எதிருங்கள்.

உங்கள் குடும்பக் குழுவில் கேட்கிற கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதிலிருந்து அவர்கள் வரும் முடிவு தப்பு. தென்சென்னையில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கிறவர் யாரும் கிடையாது. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு இது. அதைத் தின்றது தனியார் மட்டும் இல்லை. மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைமேடு இதற்குள்தான். தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாலை ஆராய்ச்சி நிறுவனமும் சதுப்பு நிலத்தில் எழுந்தவை. துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, தண்ணீர் அடியில் குழாய் வழியாக மூச்சு விடுகிறது. அந்தச் சாலையில் வண்டி ஓட்டாத தென்சென்னைக்காரர் யார்? கைசுத்தமானவர்கள்தான் வாதாடலாம் என்று விதி வைத்தால் பறவை மட்டும்தான் கோர்ட்டுக்குப் போக முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. வாதாடுவதற்கான நேரடிக் காரணம் உங்களுக்குத்தான் அதிகம். மாடம்பாக்கம், செம்பாக்கம், நாராயணபுரம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் என்று வரிசையாக அத்தனை ஏரிகளின் உபரியும் இங்கேதான் வந்து சேர்கிறது. வெளியேற முக்கியமான வழி ஒன்றே ஒன்று: ஒக்கியம் மடுவு. ஓ.எம்.ஆர். பாலத்துக்கு அடியில் போய், பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைப் பார்க்க வேண்டும். கடல் பொங்கியிருக்கும் நாளில் அங்கேயும் வாங்காது. அதுவரை தண்ணீர் காத்திருக்கிற இடம்தான் சதுப்பு. காத்திருக்கும் இடத்தைக் குறைத்தால் உங்கள் கீழ்த்தளத்து லிஃப்ட் குழியில் வந்து காத்திருக்கும்.

பன்னிரண்டாவது மாடிக்கு வராது என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பரில் மேல்மாடிக்காரர்களும் கரண்ட் இல்லாமல், மோட்டார் ஓடாமல், பால் பாக்கெட்டுக்குக் கயிறு விட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்.

கேள்வி: ஒரு கொக்குக்காக ஒரு குடும்பம் வீடில்லாமல் இருக்கணுமா? – அம்பத்தூர்

பதில்: அந்தக் குடும்பம் எது என்று சொன்னால் அவர்களுக்கு அம்பத்தூரிலேயே வீடு பார்த்துத் தர ஏற்பாடு செய்யலாம். கொக்குக்கு வேறு ஏற்பாடு இல்லை.

கேள்வி: உங்களைப் போன்றவர்கள் எல்லாத் திட்டத்தையும் எதிர்க்கிறீர்கள். நகரத்தில் ஏழைகளுக்கு வீடே இல்லை. நிலம் எங்கே இருக்கிறது? சதுப்பில் ஓரமாகக் கொஞ்சம் கொடுத்தால் என்ன? – திருவொற்றியூர்

பதில்: கொடுத்துப் பார்த்தாகிவிட்டது ஐயா. அதனால்தான் இந்தக் கேள்விக்கு நான் சுலபமாகப் பதில் சொல்வதில்லை.

2000 வாக்கில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் வந்தது. சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி வந்தது. அதன் பிறகு பெரும்பாக்கம் வந்தது. அடையாறு, கூவம் கரையில் இருந்த குடும்பங்களை ‘வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறீர்கள்’ என்று சொல்லி எழுப்பினார்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமெடுத்தது. எழுப்பிக் கொண்டுபோய் இறக்கிய இடம், தென்சென்னையின் மழைநீரெல்லாம் வந்து இறங்குகிற தாழ்வான பகுதி. நகரத்துக்குள் வீட்டு வேலை, பூ வியாபாரம், சுமை தூக்கும் வேலை பார்த்தவர்களுக்கு ரெண்டு பஸ் மாறிப் போகிற தூரம். மழை பெய்தால் அந்த பஸ்ஸும் வராது. சதுப்பையும் கெடுத்து, ஏழையையும் ஏமாற்றிய திட்டங்கள் அவை. இதை எதிர்க்காமல், பக்கத்தில் தனியார் கட்டுகிற கோபுரத்தை மட்டும் எதிர்க்கிற சூழல் ஆர்வலர்களிடம் எனக்கும் சண்டை உண்டு.

ஆனால் இப்போது சதுப்போரம் விளம்பரப் பலகை வைக்கிற திட்டங்களைப் பாருங்கள். நீச்சல்குளம், கிளப் ஹவுஸ், ‘பறவைகளின் குரலில் கண்விழியுங்கள்’ என்று வாசகம். விலை கோடியில் தொடங்குகிறது. கண்ணகி நகர்க்காரர் அதற்குள் வாட்ச்மேனாகத்தான் போக முடியும். ஏழைக்கு வீடு என்ற வாதத்தைக் கோடி ரூபாய் ஃபிளாட்டுக்கு வாடகைக்கு விடாதீர்கள். அரசு நிலம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய அரசுக் குடியிருப்புகள் இடிந்த நிலையில் நடு நகரத்தில் நிற்கின்றன. அங்கே அடுக்கிக் கட்டச் சொல்லி மனுப் போடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி: ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். ‘எல்லா அப்ரூவலும் இருக்கு மேடம்’ என்றார்கள். இப்போது அந்தத் திட்டம் சதுப்பு எல்லைக்குள் வருகிறது என்று வழக்கு. பில்டரைக் கேட்டால் ‘சும்மா அரசியல், மூணு மாசத்துல சரியாயிடும்’ என்கிறார். என்ன செய்வது? – தாம்பரம்

பதில்: அவர் சொன்ன ‘மூணு மாச’த்தை எழுத்தில் கேளுங்கள் அம்மா. மின்னஞ்சலில் கேட்டால் போதும். பதில் வந்தாலும் சாட்சி, வராவிட்டாலும் சாட்சி.

விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் முதலில் இருக்க வேண்டும் என்பது ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. உங்களிடம் அதற்கு மேல் வாங்கிவிட்டு ஒப்பந்தம் போடவில்லை என்றால் அது தனியாக ஒரு மீறல். விளம்பரத்திலோ கையேட்டிலோ பொய்த்தகவல் கொடுத்து அதை நம்பிப் பணம் கட்டியிருந்தால் 12-ஆம் பிரிவு. ஒப்பந்தப்படி வீட்டை ஒப்படைக்க முடியாவிட்டால் 18-ஆம் பிரிவு, வட்டியோடு திரும்பக் கேட்கலாம். கையேட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பளபளவென்று அச்சடித்த அந்தக் கையேட்டில் சதுப்பு நிலத்தை ‘லேக் வியூ’ என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

வங்கிக் கடன் கிடைத்தது என்பதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். வங்கி வக்கீல் பார்ப்பது பத்திரத்தின் தொடர்ச்சியை. தண்ணீரின் தொடர்ச்சியை அவர் பார்ப்பதில்லை.

கேள்வி: எங்களுடையது 600 சதுர அடி மனை. அப்பா 1990-களில் வாங்கியது. சுற்றிலும் வீடுகள், ரோடு, ரேஷன் கடை எல்லாம் வந்து வருஷக்கணக்காகிறது. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட நினைத்தால், சதுப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லை என்றார்கள். சூழல் சூழல் என்று பேசுகிறவர்கள் எங்களைப் பற்றி யோசித்தீர்களா? – பெருங்குடி

பதில்: இந்த முறை வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாதது உங்களுடையது.

நடந்தது இதுதான். 2025 செப்டம்பரில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும், எல்லையும் தாக்கப் பகுதியும் அறிவியல்படி வரையறுக்கப்படும் வரை புதிய அனுமதி கூடாது என்றது. சதுப்புக்கு ராம்சார் தகுதி கிடைத்தது 2022 ஏப்ரலில். அந்த உத்தரவு வந்தபோது, மூன்று வருஷத்துக்கு மேலாகியும் எந்தச் சர்வே எண் உள்ளே, எது வெளியே என்று தரையில் கல் நட்டு முடித்திருக்கவில்லை. வரைபடம் முடிந்திருந்தால் தீர்ப்பாயம் ஒட்டுமொத்தமாக ஒரு கிலோமீட்டர் வட்டம் போட வேண்டிய அவசியமே வந்திருக்காது. செய்யாத வேலைக்கான அபராதத்தை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் உத்தியோகத்தைப் பற்றி நானே சொல்வது நன்றாக இருக்காது. இருந்தாலும், இது முடியாத வேலை இல்லை. கிராமக் கணக்கு இருக்கிறது, புலப்படம் இருக்கிறது, செயற்கைக்கோள் படம் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு, சந்தேகமான எண்களுக்கு மட்டும் களத்தில் இறங்கி அளந்தால் போதும். இதை இழுக்கிறார்கள் என்றால் இழுப்பதில் யாருக்கோ லாபம் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். வரைபடம் இல்லாதவரைக்கும் ஒவ்வொரு மனையும் ‘வெளியே இருக்கலாம்’ அல்லவா?

உங்கள் நகர் நலச்சங்கம் செய்ய வேண்டியது, தடையை எதிர்த்துக் கொடி பிடிப்பது அல்ல. வழக்கில் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள். மனைப்பிரிவு எப்போது உருவானது, அங்கீகார எண் என்ன, மின் இணைப்பு எந்த வருஷம், சொத்துவரி எந்த வருஷத்திலிருந்து என்று அட்டவணை போட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே குடியேறி முடிந்த பழைய மனைப்பிரிவையும், இனிமேல் மண் அடித்து எழப்போகும் பல ஏக்கர் திட்டத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று கேளுங்கள். ஓட்டு வீட்டுக்கு மேல் மாடி எழுப்புவதால் சதுப்பு ஒரு அடிகூடச் சுருங்காது என்பதை எந்தப் பொறியாளரும் எழுதித் தருவார்.

ஒரு எச்சரிக்கை. ‘சின்ன மனைக்காரர்கள் பாதிக்கப்படுகிறார்கள்’ என்று உங்களுக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டு பெரிய ஆட்கள் வருவார்கள். வேன் ஏற்பாடு செய்வார்கள், பிரியாணி வரும். உங்கள் 600 சதுர அடியை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் பல ஏக்கர் நகரும். தடை நீங்கும்போது யாருக்கு எவ்வளவு நீங்கியது என்று அப்போதும் சர்வே எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒன்ராறியோவிலும் கிறீன்பெல்ற் நிலத்தில் வீடு கட்ட வெளிக்கிட்டு, சனம் எதிர்த்து, அரசாங்கம் பின்வாங்கினது. எங்கட ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற பிக்கறிங்கில்தான் பெரிய துண்டு. அங்கே ஏன் இப்படி நடப்பதில்லை? – ஸ்காபரோ

பதில்: நல்ல நேரத்தில் ஞாபகப்படுத்தினீர்கள் அம்மா. படித்தவரை எனக்குப் பிடித்த வழக்கு அது.

2022 இறுதியில் ஒன்ராறியோ அரசு, 2005 முதல் பாதுகாக்கப்பட்டு வந்த பசுமை வளையத்திலிருந்து 15 இடங்களில் சுமார் 7,400 ஏக்கரை விடுவித்தது. 50,000 வீடு கட்டப் போகிறோம், ஈடாக வேறிடத்தில் 9,400 ஏக்கர் சேர்க்கிறோம் என்றது. வீட்டு நெருக்கடி உண்மை. ஆனால் அந்த அரசே அமைத்த பணிக்குழு, நெருக்கடிக்குக் காரணம் நிலப் பற்றாக்குறை அல்ல என்று அதே வருஷம் பிப்ரவரியிலேயே எழுதிக் கொடுத்திருந்தது.

எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன, நானும் படம் பார்த்தேன். ஆனால் திருப்பிப் போட்டது 2023 ஆகஸ்டில் மாகாணக் கணக்காய்வாளர் கொடுத்த அறிக்கை. எந்தத் துண்டை யார் கேட்டார், கேட்ட கடிதம் யார் கைக்குப் போனது, அமைச்சர் அலுவலகத்தில் யார் பட்டியலில் சேர்த்தார் என்று துண்டு துண்டாகப் பின்தொடர்ந்து, நில உரிமையாளர்களுக்கு 830 கோடி டாலர் வரை மதிப்பு கூடும் என்று கணக்குக் காட்டியது. செப்டம்பர் தொடக்கத்தில் வீட்டுவசதி அமைச்சர் பதவி விலகினார். அதே மாதம் 21-ஆம் தேதி முதல்வர் டக் ஃபோர்ட் முடிவைத் திரும்பப் பெற்றார். அதன் பிறகு போலீஸ் விசாரணையும் வந்தது.

இங்கே ஏன் நடப்பதில்லை என்று கேட்டீர்கள். இங்கேயும் நீதிமன்றங்கள் தலையிடுகின்றன. பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய திட்டத்துக்கு 2025 அக்டோபர் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் ஒரு துண்டு நிலம் எந்த மேசையில், எந்தத் தேதியில், யார் குறிப்பெழுதி ‘உள்ளே’யிலிருந்து ‘வெளியே’ வந்தது என்ற சங்கிலியை முழுசாகப் பொதுமக்கள் முன்னால் விரித்து வைக்கிற அறிக்கையை நான் இன்னும் பார்க்கவில்லை. அது வந்தால் இங்கேயும் நாற்காலிகள் ஆடும்.

கேள்வி: அடுக்ககத் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஏன் நடத்தவில்லை என்று கேட்டால் ‘தேவையில்லை’ என்கிறார்களே? – மேடவாக்கம்

பதில்: அவர்கள் சொல்வது சரி. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். கல்குவாரிக்குக் கூட்டம் உண்டு, ஆயிரம் ஃபிளாட்டுக்குக் கிடையாது. ஆனால் 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்பு இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், அந்த விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் யாரும் பார்க்கிற மாதிரி கிடக்கும். படிவம் 1-ஐத் திறந்து ‘சுற்றுச்சூழல் உணர்திறன்’ என்ற பகுதிக்குப் போங்கள். திட்டத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் பாதுகாக்கப்பட்ட இடம் எது, எத்தனை தூரம் என்று கேட்டிருப்பார்கள். பள்ளிக்கரணையை பில்டர் எத்தனை மீட்டரில் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். நீங்களே வரைபடத்தில் அளந்து பாருங்கள். வேண்டுமென்றே தகவலை மறைத்தாலோ தப்பாகச் சொன்னாலோ கொடுத்த அனுமதியை ரத்து செய்யலாம் என்று அதே அறிவிக்கையில் எட்டாவது பத்தியில் இருக்கிறது. மேடையில் மைக் பிடித்து மூன்று நிமிடம் பேசுவதைவிட அந்த ஒரு வரி கனமானது.

கேள்வி: பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக லட்சக்கணக்கில் செலவாகுமா? ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் நாங்கள். – செம்பாக்கம்

பதில்: இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம். தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மஹாலில் நடக்கிறது, செம்பாக்கத்திலிருந்து பஸ்ஸும் ரயிலுமாகப் போய்விடலாம்.

பணத்தைவிடக் கெடுவைக் கவனியுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் ஆணை தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு மூடிவிடும். மண் அடித்தது, வாய்க்காலை அடைத்தது மாதிரியான விஷயங்களுக்கு மனு என்றால் ஆறு மாதம், அதிலும் 60 நாள் சலுகை உண்டு. தீர்ப்பாயத்தின் மொழி ஆங்கிலம், ஆகவே ‘அ’ பதிவேட்டு நகலை மொழிபெயர்ப்போடு வையுங்கள். எல்லாப் பக்கத்திலும் எண் போடுங்கள். இரண்டு வாரத்தில் நகல் எடுக்கிற வேலையை முடித்துவிட்டால் மீதி இரண்டு வாரம் யாராவது படித்த பையனிடம் கொடுத்துப் பிழை திருத்தலாம்.